ராகு காலத்தில் வந்த கடிதம்

தபால்காரரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் வீட்டு மாடியில் ஏழு வருஷம் குடியிருந்த கட்டுரை சார்.

நான் சின்னமனூரில் மாவு மில் வைத்திருப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சார், பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்தினார். பிள்ளைகள் பரீட்சை என்றால் ஏன் நடுங்குகிறார்கள், திராட்சை பறிக்கும் நாளில் ஏன் வகுப்பு காலியாகிறது என்றெல்லாம் ஆராய்ந்து இங்கிலீஷில் எழுதுவார். அவை எங்கெங்கோ அச்சாகி வரும். யாராவது பெயரைக் கேட்டால் பெயரோடு எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுவார். பால்காரம்மாவையும் விட்டுவைக்கவில்லை.

"இதோட பதினோரு கட்டுரை வந்திருக்கும்மா."

"வந்தது இருக்கட்டும் சாமி. எவனாச்சும் படிச்சானா?"

அந்தம்மா சிரிப்புக்குக் கேட்டாள். கல்லூரிக்காரர்கள் அதையே நிஜமாகக் கேட்டார்கள். துறைத் தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது. சாருக்குத்தான் அனுபவம் அதிகம். ஆனால் எழுதினால் மட்டும் போதாதாம். முகம் தெரியாத யாராவது ஒருவர் சாரின் கட்டுரையைத் தன் எழுத்தில் எடுத்துக் காட்டியிருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் தபால்காரருக்குக் கும்பிடு ஆரம்பமானது.

"சார், உங்களுக்கு ஒண்ணுமில்ல. அண்ணனுக்குத்தான் ஒரு கல்யாணப் பத்திரிகை."

"அதுல எங்கயாச்சும் என் பேரு இருக்கா, பாத்தீகளா?"

தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவிடுவார்.

சாரின் ஆயுதம் ஒரு தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள் இருக்கும். முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி, கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் முடியும். என் மனைவிக்கு ஒருநாள் அதை நிரப்பக் கொடுத்தார். அதோடு என் நிம்மதி போயிற்று.

"என்னங்க, கொழம்பு எப்படி?"

"நல்லாருக்கு."

"அப்படிச் சொன்னா ஆகாது. அஞ்சுல எந்தக் கட்டம்?"

இந்தத் தாள்களைச் சுமந்துகொண்டு சார் மார்க்கையன்கோட்டைக்குப் போனார். வீடு வீடாக ஏறி, பெற்றோர்களிடம் கேட்டு நிரப்பினார். ஒரு மாத உழைப்பு. கடைசியில் பார்த்தால் எல்லாத் தாளிலும் எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டம்தான். 'என் மகளைப் படிக்க வைப்பேன்' என்பதற்கும் முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். 'என் மகளுக்குப் படிப்புத் தேவையில்லை' என்பதற்கும் முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்!

சார் திரும்பவும் போய் ஒரு சம்சாரியைப் பிடித்தார். என்னையும் கூட்டிப் போயிருந்தார்.

"ஏன்யா, ரெண்டுக்கும் ஆமான்னா எப்படி?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீக? படிச்ச மனுசன், வெயில்ல வீடு தேடி வந்திருக்கீக. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியுமா? மோரு குடிங்க."

கல்லூரியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாள்களைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடச் சொன்னார்கள். சார் கொடுக்கவில்லை. மோர் கொடுத்தவர் சொன்னதையே விஷயமாக வைத்துப் பன்னிரண்டாவது கட்டுரையை எழுதினார். வீடு தேடி வந்தவரிடம் எங்கள் பக்கத்து ஜனங்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள், ஆகவே அவர்கள் சொல்லும் ஆமாவை அப்படியே நம்பக் கூடாது என்பதுதான் சாரம். அது அச்சானதும் பிரதி எடுத்து, கடல் தாண்டியும் அனுப்பி வைத்தார்.

இனி என் பாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மணி மூன்றேகால். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய தடித்த உறையைத் தபால்காரர் என் கையில் திணித்தார். "வந்துருச்சுண்ணே! சார்கிட்டக் குடுங்க, இனி என்னை விட்டுருவாக!" சார் மாடியில்தான் இருந்தார். கொண்டுபோய்க் கொடுக்கப் படியில் கால் வைத்துவிட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகு காலம். நான் எதையும் நேரம் பார்க்காமல் செய்கிறவன் இல்லை. இத்தனை நாள் காத்திருந்தவருக்கு நல்ல சேதியைக் கெட்ட நேரத்தில் கொடுப்பதா? உறைக்குச் சந்தனம் தொட்டு, பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். 'நாலரைக்கு நீயே எடுத்துக் கொடு அப்பனே' என்றேன்.

நாலு மணிக்குக் கம்பத்திலிருந்து போன். மாமியார் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். போட்டது போட்டபடி ஓடினோம். பதினைந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். திரும்பி வந்தபோது கடிதம் எனக்கு அடியோடு மறந்து போயிருந்தது. தபால்காரரும் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

அடுத்த மாதம் நேர்காணல். சாரை அனுப்பும்போது நான்தான் திருநீறு பூசிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தவர் மாடிக்கு ஏறாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாராச்சும் எடுத்துக் காட்டியிருக்காகளான்னு கேட்டாக. இல்லைன்னுட்டேண்ணே."

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. வருஷக் கடைசியில் சார் வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான கெங்குவார்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு கட்டுரையே எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ரெண்டு வருஷம் கழித்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்க முருகன் படத்தை இறக்கினோம். சந்தனப் பொட்டோடு உறை கீழே விழுந்தது. என் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். நேரம் பார்க்கவில்லை. ஓடைப்பட்டித் திராட்சை ரெண்டு கிலோவையும் உறையையும் சார் முன்னால் வைத்து, நடந்ததைச் சொல்லி அழுதேன். சார் உறையை மெதுவாகப் பிரித்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"பெரிய புரொபசர்ண்ணே. நம்ம மார்க்கையன்கோட்டைக் கட்டுரையை அவரு புத்தகத்துல மூணு இடத்துல எடுத்துக் காட்டியிருக்காராம்."

"சார், என்னை மன்னிச்சிருங்க."

"எந்தச் சாமி படம்ணே?"

"முருகன்."

"ரெண்டு வருசம் அவருகிட்ட இருந்திருக்கு. அவரும் படிச்சிருப்பாரு. ஆக மொத்தம் எனக்கு ரெண்டு வாசகரு!" சத்தமாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கோவமே இல்லண்ணே. காப்பி குடிங்க."

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சார் எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது கட்டுரையில் என்ன இருக்கிறது என்று தெரியும். வீடு தேடிப் போய் நின்ற எனக்கு அவர் வேறென்ன சொல்லியிருப்பார்?

தினமும் விளக்கேற்றும்போது முருகனிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சாருக்கு இன்னொரு கடிதம் என் வீட்டு விலாசத்துக்கே வரட்டும். ராகு காலத்திலேயே வரட்டும். சட்டைகூடப் போடாமல் கெங்குவார்பட்டிக்கு ஓடுவேன்.