சீதன மாடுகளை விற்கச் சம்மதம் கேட்டு

அட்டாளைச்சேனை,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மச்சான் அபுல் ஹஸன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயனின் கிருபையால் இங்கே நானும் உங்கள் சகோதரி சபூறாவும் ஆறு மாடுகளும் சுகம். கத்தாரில் உங்கள் உடம்புக்கும் உழைப்புக்கும் குறைவில்லாமல் இருக்க துஆச் செய்கிறோம். சுகம் என்று நான் எழுதியது உடம்பைப் பற்றி மட்டும்தான். மற்றதை இனித்தான் எழுத வேண்டும்.

வட்சப் இருக்கும் காலத்தில் இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். வீட்டில் உருப்படியான போன் சபூறாவுடையதுதான். நான் அதில் பேசி அனுப்புவதையெல்லாம் அவ பிறகு ஆறுதலாக இருந்து கேட்பா. இது அவ கேட்கக்கூடாத கதை. ஆகவே மாட்டுக் கொட்டிலில் தவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால், பக்கத்தில் நிற்கும் சுட்டிப் பசு என் முழங்கையை நக்குகிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் நிக்காஹ்வின்போது உங்கள் வாப்பா, மர்ஹூம் மாமா, வீட்டோடும் வளவோடும் சேர்த்து ஒரு சோடிப் பசு தந்தார் அல்லவா, அவற்றின் வழிவந்த இந்த ஆறையும் விற்றுவிட நினைக்கிறேன். உங்கள் குடும்பத்துச் சொத்து. உங்கள் சம்மதம் இல்லாமல் கயிற்றில் கைவைக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கடைகளில் பால்மாப் பவுடருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதுவரை எனக்குப் பாதி சலாம் சொல்லிப் போனவர்களெல்லாம் சுபஹ் தொழுத கையோடு போத்தலும் கையுமாக என் வாசலில் நின்றார்கள். அக்கரைப்பற்றில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கனகசபாபதி அண்ணனும் வந்தார். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைக் காக்கா என்பார், இரண்டும் ஒன்றுதான். "காக்கா, ஒரு வருசத்துக்கு ஒரே விலை பேசுவம். ஏறினாலும் அதான், இறங்கினாலும் அதான்" என்றார். நல்ல விலைதான் சொன்னார். ஆனால் எனக்கு அப்போது தலை வானத்தில் இருந்தது. "இப்ப ஏறுற நேரம் அண்ணே, பொறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் படலையைத் தாண்டிப் பத்து நாள் இராது, கொழும்புக்குப் பால்மாக் கப்பல் வந்துவிட்டது. போத்தல்காரர்கள் பாதி சலாமுக்குத் திரும்பினார்கள். பால் சேர்க்கிற வாகனக்காரர் இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் விலையைக் குறைத்தார், அதோடு பாலுக்குள் அளவுக் குழாயை விட்டுப் பார்த்து, கொழுப்பும் காணாது என்றார். நான் பயந்துபோய் நானாகவே அக்கரைப்பற்றுக்கு ஓடினேன். இறங்கிய விலையிலேயே ஒரு வருடத்துக்குப் பேசி, கனகசபாபதி அண்ணனின் கையில் கைவைத்து, கறக்கிற பால் உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த கிழமை விலை எகிறியது.

இப்போது ஊரெல்லாம் வாகனத்துக்குப் பால் ஊற்றிச் சிரிக்கிறது. நான் அதே வாகனத்தைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போகிறேன். வாகனக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். மரியாதைக்கு அடிப்பதாக நினைத்துக்கொள்கிறேன். கனகசபாபதி அண்ணனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், வாக்கு நான் கொடுத்தது. அந்த மனிசன் பேசினபடி நடக்கிறார், நானும் நடப்பேன்.

ஆனால் மச்சான், இந்த விலையை யார் வைக்கிறார்? வாகனக்காரரைக் கேட்டால் கொழும்பு என்கிறார். கொழும்பைக் கேட்டால் நியூசிலாந்தாம். நியூசிலாந்தில் மழை பெய்தால் அட்டாளைச்சேனையில் நான் நித்திரை கொள்ள முடியாது என்றால், நான் யாரிடம் போய் முறையிடுவது? புண்ணாக்குக்கு மட்டும் ஏறுகிற வழி தெரியும், இறங்குகிற வழி தெரியாது. சுட்டியைப் பார்க்கிறேன். விலை ஏறிய நாளும் அதே ஐந்து லீற்றர்தான் தந்தாள், இறங்கிய நாளும் அதே ஐந்து. நான் சிரித்துக்கொண்டு கறந்தாலும் ஏசிக்கொண்டு கறந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். அவளைப் போல இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த கிழமைக்கு அப்பால் எதையும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

போன செவ்வாய் சம்மாந்துறையிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி வந்தார். சபூறாவிடம் தெரிந்தவர் என்று சொல்லி வைத்தேன். அவ தேத்தண்ணி கொடுத்தா. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன காக்கா, ஆறு மாடு நிக்கிற ஊட்டுல பவுடர் தேத்தண்ணியா?" என்றார். உண்மை அதுதான். வாக்குக் கொடுத்த நாளிலிருந்து பால் முழுவதையும் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, திரும்பி வரும்போது அந்தக் காசில் பால்மாப் பக்கற் வாங்கி வருகிறேன். எங்கள் பாலைவிட அது விலை கூட. விருந்தாளிக்குப் பக்கற் பால்தான் மரியாதை, பசும்பாலில் வாடை என்று நாங்களே எத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். பிறகு ஊரைக் குறை சொல்லி என்ன பயன்? அன்றே மனம் விட்டுப்போயிற்று. நாளை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் மறுமொழி வரும்வரை அவருக்கு ஏதாவது சாட்டுச் சொல்லி வைப்பேன். ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள், சுட்டியை மட்டும் கடைசியாகப் பிடித்துக் கொடுப்பேன்.

மச்சியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். உங்கள் உழைப்பின் ரிஸ்கில் பரக்கத்தும், எங்கள் கொட்டிலில் பொறுமையும் பெருக அல்லாஹ் உதவட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் உதுமாலெவ்வை.

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகுதான் உங்கள் கத்தார் மேல்விலாசம் எனக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. சபூறாவிடம் கேட்டேன். அவ கடித உறையைக் கேட்டா.

முழுவதும் வாசித்தா. பிறகு சொன்னா: "இஞ்ச பாருங்க, மாட்ட வாப்பா எனக்குத்தான் தந்தாரு. தம்பிக்கிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க? அந்த மாட்டோட சேத்து ஒங்களயும் எடுத்தன். விக்கிறெண்டா ரெண்டையும் சேத்துத்தான் விப்பன்." இன்று, வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு வந்த வியாபாரியிடமும் அதையே சொன்னா. அவர் யோசித்துவிட்டு மாட்டுக்கு மட்டும்தான் விலை சொன்னார். அனுப்பிவிட்டா.

அதோடு விடவில்லை. போனை எடுத்துக் கனகசபாபதி அண்ணனிடம், இனி ஒரு போத்தல் பால் வீட்டுக்கு நிற்கும் என்றா. அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "என்ன தங்கச்சி, இவ்வளவு நாளும் நீங்க குடிச்ச மிச்சத்தத்தானே காக்கா கொண்டு வாறாரெண்டு நான் நினைச்சன்?"

ஆகவே மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். இதைப் பசும்பால் தேத்தண்ணியோடு இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் வாடைதான். பழகிவிடும் என்கிறா.