வேகத்தடை எழுபது சதவீதம் முடிந்துவிட்டதாம்

திருவொற்றியூர்
ஆகஸ்ட் 2004

அன்புத் தம்பி பீம்ராவுக்கு, அக்கா குப்பம்மா எழுதுவது. ஜெய் பீம். இங்கே எனக்கு மூட்டு வலியைத் தவிர எல்லாம் நலம். ஷார்ஜா வெயிலில் நீ நலமா? நான் படித்தது அஞ்சாவது என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளாதே. இதை உங்கள் கம்ப்யூட்டர் குழுவுக்கு அனுப்பினால் இதற்கும் ஒரு ஓட்டெடுப்பு வைப்பீர்கள் என்றுதான் தபாலில் போடுகிறேன்.

உன் மாமா போன பிறகு, வெளிநாட்டில் இருக்கிற நம் தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "எங்கள் தெரு உறவுகள்" என்று குழு ஆரம்பித்தீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஹார்பரில் வேலை முடிந்து சைக்கிளில் வந்த மனுஷனை கன்டெய்னர் லாரி அடித்த அந்தத் தெருமுனையில் ஒரு வேகத்தடை வேண்டும். இன்னொருத்தி என்னைப்போல் சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. எனக்கு மெயில் அட்ரஸ் இல்லை. உனக்கு எழுதுவதற்காக மாமா தன் பெயரில் ஆரம்பித்து வைத்திருந்ததைத்தான் பிரவுசிங் சென்டர் ஜாபர் எனக்காகத் திறந்து படித்துக் காட்டுவான். நான் சொல்வதை அவன் அடிப்பான், அங்கே 'ஜெயவேல்' என்று விழும்.

முதலில் எது முக்கியம் என்று ஓட்டெடுப்பு. வேகத்தடை, தெருமுனையில் அலங்கார வளைவு, குழுவுக்கு ஒரு சின்னம். வேகத்தடைதான் ஜெயித்தது. பிரவுசிங் சென்டரில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் பார்த்தால் வேகத்தடைக்குள்ளேயே எது முக்கியம் என்று இன்னொரு ஓட்டெடுப்பு. கோடு வெள்ளையா மஞ்சளா? பக்கத்தில் பலகை தமிழிலா, இரண்டு மொழியிலா? குவைத்தில் இருக்கிற கிருஷ்ணப்பன், "நமக்குத் தலைவர் கிடையாது, எல்லோரும் சமம், அதுதான் இதன் சிறப்பு" என்று எழுதினான். சரிப்பா, நகராட்சி ஆபீசுக்கு யார் போவது என்று கேட்டேன். யாருக்கு விருப்பமோ அவர்கள் போகலாம் என்று பதில். அதற்கு நீயும் "ஆமோதிக்கிறேன்" என்று ஒரு வரி போட்டாய் பார், அன்றைக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வேலை எவ்வளவு முடிந்தது என்று அளக்கிறார்களாம். ஜாபர் ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்தான், அதில் பச்சையாய் ஒரு பட்டை.

"யக்கா, எழுபது சதவீதம் வந்துட்ச்சி!"

"எங்கடா வந்துட்ச்சி? இப்பதான் அந்தப் பக்கமா வந்துகினு கீறேன். ரோடு மொழுக்குனு கீது."

"ரோட்டுல இல்லக்கா. மெயில்ல. எத்தினி பேரு பதில் போட்டாங்கன்னு பாத்து ஏறும்."

"அப்ப லாரிய மெயில்ல ஓட்டிகினு போவச் சொல்லு!"

அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு வந்தேன். தண்ணி லாரி வருகிற நாள். குடத்தை வரிசையில் வைக்க எடுத்துக்கொண்டு போனவள், என்ன நினைத்தேனோ, தெருவுக்குள் வைக்காமல் அந்த முனையில், உன் மாமா விழுந்த இடத்தில், மெயின் ரோட்டின் குறுக்கே வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஹில்டா வந்தாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நம் தெருவில் ஒரு குடம் நின்றால் அடுத்தது எங்கே நிற்கும் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? குடம் இல்லாதவள் செங்கல்லை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரோடு நிறைந்துவிட்டது.

கன்டெய்னர் லாரிக்காரன் பிரேக் போட்டு இறங்கினான். "இன்னாமே இது, நடு ரோட்டுல குடம்?"

"லைன்ல நிக்குது நைனா," என்றாள் ஹில்டா. "அவசரம்னா நீயும் கடைசில போயி நில்லு."

"கொஞ்சம் நவுத்துமா."

"இந்த வறட்சில அடுத்தவ குடத்த நவுத்திட்டு உசுரோட போனவன் எவனாவது கீறானா? நீ நவுத்திப் பாரேன்."

அவன் தொடவில்லை. நாங்களே ஒரு பக்கம் வழிவிட்டோம், ஆமைபோல் ஊர்ந்து போனான். பின்னால் வந்த அத்தனை லாரியும் அப்படியே. எனக்கு அழுகையே வந்துவிட்டது தம்பி.

ஜாபர் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். அங்கேதான் பேஜாரு. கிருஷ்ணப்பன் பார்த்துவிட்டு, "வாகனங்கள் மெதுவாகச் செல்கின்றன, நோக்கம் நிறைவேறியது" என்று நூறு சதவீதம் போட்டு வேலையை மூடிவிட்டான். ஆளாளுக்குக் கை தட்டுகிற பொம்மை அனுப்புகிறீர்கள். அடுத்தது அலங்கார வளைவாம்! அடப் பாவிகளா, குடத்தை எடுத்தால் லாரி பறக்கிறது, எடுக்காவிட்டால் தண்ணியை நான் எதில் பிடிப்பேன்?

இனி இந்தக் குழு எனக்கு வேண்டாம். குழுவிலிருந்து மாமா பெயரை இன்றைக்கே எடுக்கச் சொல். வளைவுக்கும் சின்னத்துக்கும் என் வீட்டிலிருந்து இனி ஓட்டு விழாது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். நீ நல்லா இருக்கணும், உன் பிள்ளைகள் உன்னைவிடச் சீக்கிரம் வேலை செய்கிறவர்களாக வரணும்.

இப்படிக்கு,
அக்கா குப்பம்மா

பின்குறிப்பு: பெயரை எடுக்கச் சொல்லாதே. இந்தக் கவரை ஒட்டப்போகும்போது நகராட்சி இன்ஜினியர் ஜீப்பில் தெருமுனைக்கு வந்துவிட்டார், லாரிகள் எண்ணூர்வரைக்கும் நிற்கிறதாம். உங்கள் அமைப்புக்குத் தலைவர் யார், பெயர் சொன்னால்தான் உத்தரவு எழுத முடியும் என்றார். ஜெயவேல் என்று சொல்லிவிட்டேன். ஜாபரும் கம்ப்யூட்டரில் பெயரைக் காட்டிவிட்டான். நாளைக்குத் தார் வண்டி வருகிறது. தலைவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவர் இந்த இடத்தில்தான் இருக்கிறார், ஜீப்பைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்புங்கள் சார் என்றேன்.