அணியிலேயே கம்மிச் சம்பளக்காரி

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஜோனதன் அண்ணாவுக்கு,

உங்கள் சித்தி மகள் ஜெனிஃபா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், ஆடு குட்டி போட்டிருக்கிறது, அதுவும் சுகம். எனக்கு மட்டும் முட்டி சுகமில்லை. அரக்கோணத்தில் பெரியம்மாவும் நீங்களும் உங்கள் விசிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' என்பேன். கடைசியில் 'சரி, வெச்சிடட்டா?' என்பீர்கள், அதற்கும் 'ம்' என்பேன். இந்த விஷயத்தை 'ம்' சொல்லி முடிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான் அண்ணா. கோபமாகச் சொல்லவில்லை, கோபப்படுகிற அளவுக்குத் தெம்பு இல்லை. எங்கள் வீட்டு விருந்தில் உங்களுக்குப் பக்கத்து இலையில் கஃபார் பாய் உட்கார்ந்தாரே, நினைவிருக்கிறதா? எங்கள் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். கம்பெனியின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சும் அவர்தான். பைபாஸ் ஓரத்துப் பெரிய கம்பெனி சென்னையிலிருந்து காசுக்கு ஆடுகிற பெண்களைக் கூட்டிவந்து, ஷூ சரிபார்க்கிற செக்கர் என்று பெயருக்கு எழுதிச் சம்பளம் கொடுத்து, எங்களை ஒன்பது கோல் போட்டு அனுப்பிய கதையை அவர் உங்களிடம் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் சும்மா கேட்டுவிட்டு எழுந்து கை கழுவியிருக்கலாம். "வெளிநாட்டு லீக்ல இதுக்குன்னே ஒரு ரூல் இருக்கு பாய். டீமோட மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு. பணக்கார கிளப்பு எல்லாரையும் வளைச்சுப் போட முடியாது. ஒரு பெரிய ஆளை வாங்கினா, மீதி எடத்துக்குக் கம்மி சம்பளத்துல ஆளு தேடித்தான் ஆகணும்" என்றீர்கள். பாய் கையிலிருந்த எலும்பு இலையில் விழுந்ததை நான் பார்த்தேன். நான்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே அவர் லீக் கமிட்டியில் சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்துவிட்டார். அணிக்குப் பதினாறு பெயர், பதினாறும் கம்பெனிச் சம்பளப் பதிவில் இருக்க வேண்டும், எல்லோர் சம்பளமும் சேர்ந்து வரம்பைத் தாண்டக் கூடாது. அவர் ஜெயித்துவிட்டு வந்து பார்த்தால், ஒன்பது கோல் அவமானம் தாங்காமல் எங்கள் முதலாளியே சென்னையிலிருந்து சோபனா என்ற பெரிய ஆட்டக்காரியை வேலைக்கு எடுத்திருந்தார். அந்த அக்கா சம்பளமே வரம்பில் பாதியைத் தின்றுவிட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிங் மேசையிலேயே உட்கார்ந்தார். அப்புறம் தோல் வெட்டுகிற மாதிரியே அணியைப் போட ஆரம்பித்தார். "தோலை விரிச்சா மொதல்ல பெரிய பீஸை நடு முதுகுல வெக்கணும். அப்புறம் சின்ன பீஸு. வெரல் எடம்கூட வேஸ்ட் ஆவக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே நடுவில் சோபனா அக்கா, சுற்றி நன்றாக ஆடுகிறவர்கள், கோல் கம்பத்தில் பேக்கிங் ராஜம்மாள் அக்கா என்று பதினைந்து பேரை அடுக்கிவிட்டார். மூலையில் துண்டு இடம் மிஞ்சியது. அதற்குள் அடங்குகிற சம்பளம் யாருக்கு என்று கம்பெனி முழுக்கத் தேடி, பத்தாவதோடு நின்றுவிட்டு தையல் மெஷின்காரர்களுக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கிற ஹெல்பரான என்னிடம் வந்து நின்றார். "வர்றியாமா?" என்றார். நான் 'ம்' என்றேன். மாட்டேன் என்பதற்கும் எனக்கு 'ம்' தான் வருகிறது.

பெயர் மட்டும் இருந்தால் போதும், பெஞ்சில் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். உட்காருவதில் இத்தனை கஷ்டம் இருக்கும் என்று யார் கண்டது? பைபாஸ் கம்பெனி சம்பளத்தைக் குறைத்து எழுதிவிட்டு ஆட்டக்காரிகளுக்கு ஸ்கூட்டரும் வீட்டு வாடகையும் கொடுத்தது. கமிட்டிக்குத் தெரிந்ததும், இனிமேல் எது கொடுத்தாலும் அது சம்பளம்தான் என்று சொல்லிவிட்டது. உடனே பாய் என்னிடம் வந்து, "வேன் செலவும் சேருதாம்மா, நாளைலேர்ந்து சைக்கிள்ல வந்துடு" என்றார். மற்றவர்களுக்கு ஓவர்டைம் கொடுக்க இடம் வேண்டுமாம், அதனால் எனக்கு ஓவர்டைம் கிடையாது. லீவு போடாமல் வந்தால் போனஸ் வருமில்லையா, அந்த போனஸ் வந்தால் வரம்பு தாண்டுகிறதாம், அதனால் மாதம் ஒரு நாள் கட்டாயம் லீவு போடச் சொன்னார். நன்றாக இருக்கிற பெண் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அம்மா என்ன நினைப்பாள்? முதல் மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டாம் மாதம் ஜெபக் கூட்டத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். பூட்ஸ் கேட்டேன், அதுவும் கணக்கில் வருமாம். ஊருக்கெல்லாம் ஷூ செய்து கப்பல் ஏற்றுகிற கம்பெனியில் நான் மட்டும் ரப்பர் செருப்போடு மைதானத்துக்குப் போகிறேன். முட்டி போனதும் அதில் வழுக்கித்தான். ஆட்டத்தில் இல்லை அண்ணா, தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போது.

இதில் ஒரு நாள் பைபாஸ் கம்பெனி கோச் உமர் ஃபாரூக் பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த சீசனுக்கு என்னை அவர்கள் அணிக்கு அனுப்பச் சொன்னார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "எம் பொண்ணு அவ்ளோ நல்லா ஆடுதா சார்?" என்று கேட்டார். "ஆட்டம் இன்னா ஆட்டம், இந்தச் சம்பளத்துக்கு இந்த ஏரியாவுலயே ஆளு கெடைக்காதுங்க" என்றார் அவர். மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு கஃபார் பாய் மக்கன் பேடா இனிப்போடு ஓடி வந்தார். இரண்டு கம்பெனியும் என்னை விட மாட்டேன் என்கின்றன, இரண்டும் ஒரு ரூபாய் கூட்டித் தர மாட்டேன் என்கின்றன. கூட்டினால் நான் எதற்கு?

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் டெஸ்டில் நான் பாஸாகிவிட்டேன் அண்ணா. ஹெல்பரிலிருந்து டெய்லர். ஜன்னல் ஓரம் மூன்றாவது மெஷின் எனக்கு என்று லைன் சூப்பர்வைசர் காட்டிக்கூட விட்டார். ஆனால் டெய்லர் சம்பளம் வந்தால் வரம்பு உடையும், லிஸ்டிலிருந்து சீசன் நடுவில் என்னை எடுக்கவும் முடியாது. "ஒரு பீஸு சைஸு மாறினா மொத்தமும் போச்சும்மா. சீசன் முடியட்டும், நானே ஒக்கார வெக்கறேன்" என்றார் பாய். மழை வந்து சீசன் தள்ளிப்போனது. மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள், மறுபடி தள்ளிப்போனது. மெஷின் மேல் உறை போட்டு வைத்திருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் பீஸ் எடுத்துப் போகிறேன்.

ஒருவழியாக இந்த ஞாயிறு பைபாஸ் கம்பெனியோடு பைனல். தோற்றால் சீசன் முடிந்தது, திங்கட்கிழமை மெஷின். ஜெயித்தால் மாநிலப் போட்டி, இன்னும் மூன்று மாதம், அதே லிஸ்ட், அதே வரம்பு. போன வாரம் கோயிலில் போதகர் ஐயா எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு பேஜாராக இருந்தது தெரியுமா?

பைனலுக்கு நீங்கள்தான் ரெஃப்ரீ என்று கேள்விப்பட்டேன். "நம்ம ஆளு, ஆனா நேர்மையான ஆளு" என்று கஃபார் பாய்தான் உங்கள் பெயரைச் சொன்னாராம். தப்பாக எதுவும் செய்யச் சொல்லவில்லை அண்ணா. சத்தியமாக இல்லை. ஆனால் சந்தேகமான பந்து என்று ஒன்று வருமில்லையா, உள்ளேயா வெளியேயா என்று யாருக்கும் தெரியாத பந்து, அப்படி ஒன்று வந்தால் அதைப் பைபாஸ்காரர்கள் பக்கம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வாய் வைத்து வந்த வினை இது, விசில் வைத்துத் தீர்த்துவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டையும் காத்துக்கொள்வாராக. அரக்கோணத்துக்கு ரயில்வே வேலைக்குப் போகிற ஞானமுத்து சித்தப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை,
ஜெனிஃபா.

பின்குறிப்பு, சனிக்கிழமை: சித்தப்பா நேற்று வேலைக்குப் போகவில்லை, கடிதம் இங்கேயே கிடந்தது, இன்றுதான் கொண்டுவருகிறார். நேற்றுப் பயிற்சிக்குக் கிளம்பும்போது சோபனா அக்கா படியில் கால் பிசகி விழுந்துவிட்டார். கணுக்கால் பன்னாக வீங்கிவிட்டது. பெஞ்சில் இருக்கிற மற்ற நாலு பேரும் ஷிப்மென்ட் அவசரத்தில் ஓவர்டைம், ஓவர்டைம் இல்லாதவள் நான் ஒருத்திதானே? "மத்த பீஸை அசைக்க மாட்டேன். காலி எடத்துல நீ போய் நில்லு" என்றார் பாய். முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு நடு முதுகில் போய் நின்றேன். பந்து வந்தது. எனக்கு அடிக்கத் தெரியாது, ஆனால் யாருக்கு எந்தப் பீஸ் வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீட்டுவதுதானே நாள் முழுக்க என் வேலை? அப்படியே தள்ளிவிட்டேன். கோல். மறுபடியும் வந்தது, மறுபடியும் தள்ளினேன். மூன்றாவது தடவை நானே, "அக்கா, இந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கோல் கம்பத்திலிருந்து ராஜம்மாள் அக்கா, "ஏய், இது பேசும்டீ!" என்றார். நாளைக்கும் அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறார் பாய். ராஜம்மாள் அக்கா மகளின் பூட்ஸ், ஒரு சைஸ் பெரிது, முன்னால் துணி அடைத்திருக்கிறேன். இரவல் பொருள் கணக்கில் வராதாம், பாய் கமிட்டியில் கேட்டுவிட்டார்.

மெஷின் எங்கே போய்விடப் போகிறது, மூன்று மாதம் கழித்தும் ஜன்னல் ஓரம்தான் இருக்கும். மேலே கேட்டதை எல்லாம் நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாக ஊதுங்கள். சந்தேகமான பந்து வந்தால் மட்டும், அண்ணா, எங்கள் பக்கம்.