போர்டைப் படிக்காதவன் ஓட்டி வந்த மாடு

ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிறவன் ஃபிளெக்ஸ் போர்டைப் படிக்கமாட்டான். இது எங்கள் தொழில் ரகசியம், வெளியே சொன்னதற்குச் சக கடைக்காரர்கள் என்னை மன்னிக்கட்டும். எழுத்துப்பிழை பார்ப்போம், எழுத்தின் அளவு பார்ப்போம், தாய்மாமன் படம் மாப்பிள்ளை படத்தைவிடச் சின்னதாக இருக்கிறதா என்று பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டோம். ஒருமுறை ஒரு கண்ணீர் அஞ்சலியை அடித்து, சட்டம் கட்டி, அனுப்பிவிட்ட பிறகுதான் இறந்தவர் எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்தியவர் என்று தெரிந்தது. (என்னைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் சரிதான்.)

அந்த ஆவணி மாதம் கால்நடை டாக்டரம்மா ஒருவர் என் கடைக்கு வந்தார். மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோயைப் பற்றிப் பத்து போர்டு வேண்டும் என்றார். விஷயத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார், கூடவே ஒரு மாட்டின் படம். பாவம், உடம்பெல்லாம் புளியங்கொட்டையும் எலுமிச்சம்பழமுமாகக் கட்டி. பார்க்கவே நன்றாக இல்லையே என்று நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியாகத் துடைத்தெடுத்துவிட்டேன். மாடு பொங்கலுக்குக் குளிப்பாட்டிய மாதிரி பளபளவென்று வந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்.

"இந்த மாட்டுக்கு என்ன நோய்னு தெரியுதுங்களா?"

"ஒண்ணுமே தெரியலீங்க மேடம்," என்றேன் பெருமையாக.

பத்தையும் கட்டிகளோடு மறுபடி அடித்துக் கொடுத்தேன். அப்போதாவது படித்தேனா என்றால், இல்லை.

அடுத்த வாரம் என் அக்கா மலருக்குப் புதுமனை புகுவிழா. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு வீட்டுமனைப் பகுதி வரும், அங்கே ஏழு வருஷமாகச் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடித்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் வீட்டைக் காட்டுவதற்கு முன்பு வலையைத்தான் காட்டுவாள். பூஜைக்குப் பசுவும் கன்றும் முதலில் உள்ளே போகவேண்டும். எதிர்மனையில் கொட்டகை போட்டிருக்கும் பாஞ்சாலை அக்காவிடம் நாலு பசு இருந்தன. புருஷன் போனபிறகு அந்த நாலையும் வைத்து, ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் காபிக்கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அவர் பிழைப்பு. ஆனால் அவர் தரமாட்டேன் என்றுவிட்டார். ஒன்று சினை. நாலுக்கும் முந்தாநாள்தான் அம்மைத் தடுப்பூசி (தோல் கழலையை எங்கள் பக்கம் மாட்டம்மை என்பார்கள்) போட்டிருக்கிறது, அது உடம்பில் பிடிக்க மூணு வாரம் ஆகுமாம், அதுவரைக்கும் மாட்டை வெளியே விடாதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம்.

"மாடு தானே? நம்ம பெரியப்பா வீட்டுலேர்ந்து நான் கொண்டாறேன்," என்று மார்தட்டினேன்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். ஓட்டியவர் செல்வம், என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே போனால் எங்கள் கிராமம்.

ஊருக்குள் வண்டி நுழைந்தபோதே ஏதோ ஒன்று இல்லாத மாதிரி இருந்தது. எது இல்லை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சத்தம் இல்லை. உச்சிவெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் ஆளில்லை. வாசலுக்கு வாசல் வேப்பிலை சொருகியிருந்தது. வேப்பந்தழையைப் போட்டு மூட்டிய புகை, காற்றே இல்லாததால், முழங்கால் உயரத்துக்குத் தெருவிலேயே தேங்கி நின்றது. கொட்டகைகளைச் சுற்றி வலை கட்டியிருந்தார்கள். வலைக்குப் பின்னால் மாடுகள் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. வண்டிச் சத்தத்துக்கு ஒரு மாடுகூடத் தலையைத் திருப்பவில்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், ஏதோ திருவிழா போலிருக்கிறது, எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெரியப்பா வீட்டு வாசலில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டில் பெரியம்மா நிற்பது தெரிந்தது. எப்போது போனாலும் தெருமுனையிலிருந்தே வாடா வாடா என்று ஊரைக் கூட்டுகிறவள், அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வா என்று சொல்லவில்லை. பெரியப்பாவும் சொல்லவில்லை.

அம்மை வந்த வீட்டில் எங்கள் பக்கம் யாரையும் வா என்று கூப்பிடமாட்டார்கள். வந்தவனும் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. நோயின் பேரையும் வாயால் சொல்லமாட்டார்கள். மாட்டுக்கு வந்தாலும் அதே முறைதான். வாசல் வேப்பிலையைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் புரியும். எனக்குப் புரியவில்லை, காரணம் என் குற்றமுள்ள மனசு. விழாவுக்கு அவர்களை நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்காமல், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருந்தேன். கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"மாடு இப்ப வேணாம்டா," என்றார் பெரியப்பா.

ஓடிப்போய் வண்டியில் இருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துவந்து, நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழப் போனேன். அவர் நாலடி பின்னால் போய், "கிட்ட வராத, கெளம்பு," என்றார். கதவு மூடிக்கொண்டது. அவ்வளவு கோபம் என்று நான் உருகிப்போனேன்.

திரும்பும் வழியில்தான் அவர் நிலத்தைப் பார்த்தேன். ஊரைவிட்டுத் தள்ளி, பம்புசெட் கொட்டாய் ஓரம், வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைப் பசு தனியாக நின்றது, பக்கத்தில் கன்று. பசுவின் கழுத்தில் வேப்பிலை மாலை. உடம்பு முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. மேலே வெள்ளைக் கொசுவலையைப் போர்த்தியிருந்தார்கள். அந்த வெயிலில், சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், (ஈ இருந்தது, பிறகு சொல்கிறேன்) அது முக்காடு போட்ட பொம்பளையாட்டம் அசையாமல் நின்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என்னதான் கோபம் என்றாலும் பாருங்கள், நம் வீட்டு விசேஷத்துக்கு மஞ்சள் பூசி மாலை போட்டு எப்போதோ தயார் பண்ணி வைத்துவிட்டார் பெரியப்பா!

செல்வத்துக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அண்ணா, வந்ததுலேர்ந்து பாக்கறேன். ஒருவாட்டி கூட அசை போடல."

"வெக்கப்படுது," என்றேன். முதுகைத் தடவினேன். மஞ்சளுக்கு அடியில் கெட்டி கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. காய்ந்த சேறு என்று நினைத்தேன். பத்து நாளைக்கு முன்பு இதே கட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணித் துடைத்த கை அது. கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. பிறந்த மண்ணைப் பிரிகிறது, அழுகிறது என்று செல்வத்துக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

கயிற்றை அவிழ்த்ததும் கன்றோடு தானாக நடந்துவந்து வண்டியில் ஏறிவிட்டது. இழுக்கவேண்டியிருக்கவில்லை, தள்ளவேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகச் சில்லென்றது. எந்த மாடு அப்படி வண்டி ஏறும்? வழிநெடுக ஈக்கள் கூடவே வந்தன. வேகமாகப் போனாலும் போகவில்லை, வண்டிக்குள்ளேயே குடியிருந்தன. டீக்கடையில் நிறுத்தினோம். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பார்த்துக் கும்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு டீயும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊர் மலை கண்ணில் படும்வரைக்கும் செல்வம் கண்ணாடியில் மாட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பின்னால் மாட்டின் மூச்சு மட்டும் கேட்டது.

அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன். கயிறு கட்ட ஒரு கம்பம் தென்பட்டது, கட்டினேன். நாலரை மணி இருக்கும். எதிர்க் கொட்டகையிலிருந்து பாஞ்சாலை அக்கா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அவர் பார்த்தது மாட்டை இல்லை, மாட்டுக்கு மேலே. நானும் நிமிர்ந்தேன்.

நான் அடித்த போர்டு. அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். படத்தில் ஒரு வெள்ளை மாடு, உடம்பெல்லாம் கட்டி, கண்ணில் நீர். அதற்கு நேர்கீழே, கொசுவலை சரிந்து, அதே மாடு. படத்திலிருந்து இறங்கிவந்து நிற்பதுபோல எனக்கு உடம்பு புல்லரித்தது.

அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் அடித்த ஒரு போர்டை முழுசாகப் படித்தேன். இது வைரஸால் வருகிற நோய். கடிக்கிற ஈ, கொசு, உண்ணி மூலம் மாட்டுக்கு மாடு பரவும். காய்ச்சல், கண்ணீர், தீனி எடுக்காமை, உடம்பில் கட்டிகள். நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்டவும். வேறு ஊருக்கு ஓட்டிச் செல்லவே கூடாது. (இந்த வரிக்குச் சிவப்பு கொடுத்து, கொட்டை எழுத்தில் போட்டவன் நான்தான்.) கொட்டகையில் வேப்பந்தழைப் புகை போடவும். நோய் வராத மாடுகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடவும். மனிதருக்குப் பரவாது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். பெரியப்பா ஊரே இந்தப் போர்டில் இருந்ததை ஒரு வரி விடாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பாஞ்சாலை அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாதவன் செஞ்சிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன் மூர்த்தி," என்றார். "நீ அடிச்ச போர்டுப்பா இது."

 அந்த நாலு மாட்டுக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அது எனக்குத் தெரியும்.

பாஞ்சாலை அக்கா போன் போட்டதும் டாக்டரம்மா வந்தார். மாட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை மறுபடி ரோட்டில் ஏற்றவே கூடாது என்றார். எதிர்க் கொட்டகையிலிருந்து தள்ளி, ஈயும் கொசுவும் போக முடியாத இடத்தில் அடைக்கவேண்டும். அப்படி ஒரு இடம் இங்கே இருக்கிறதா?

 எல்லாரும் மெதுவாகத் திரும்பி, அக்காவின் புதுவீட்டு ஜன்னல்களைப் பார்த்தார்கள். எல்லா ஜன்னலிலும் வலை.

பசுவும் கன்றும் முதலில் உள்ளே போகவேண்டும் என்பது சாஸ்திரம். போயின. ஐயர் வருவதற்கு முன்பே, எமகண்டமா ராகு காலமா என்றுகூடப் பார்க்காமல், மாலை வெளிச்சத்தில் அந்த வெள்ளை மாடு தயங்காமல் வாசப்படி ஏறி ஹாலுக்குப் போய் நின்றது. போனது, வெளியே வர மூணு வாரம் ஆனது. விழாவைத் தள்ளிவைத்தார்கள். புது நிலைவாசலில் தோரணத்தை அவிழ்த்துவிட்டு, அக்காவே வேப்பிலை சொருகினாள்.

இதற்கிடையில் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். உச்சிப் பொழுதில் கட்டின மாடு கட்டின இடத்தில் இல்லை, அம்மனே கூட்டிப்போய்விட்டாள் என்று மரத்தடியில் கற்பூரம் ஏற்றிவிட்டார்களாம். "நீயாடா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பணிவிடைக்கு வேறு யார்? நான்தான். தினமும் காலையில் குளித்துவிட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போவேன். காலி வீட்டில் அந்த மாட்டின் மூச்சு எல்லா அறையிலிருந்தும் கேட்கும். டைல்ஸ் தரையில் ஒரு குளம்பு நகர்ந்தால் மாடியில் யாரோ நடப்பதுபோல எதிரொலிக்கும். பூஜையறைக் கதவு தானாகத் திறக்கும், கன்று எட்டிப் பார்க்கும். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவினேன். வேப்பிலையும் மஞ்சளும் எண்ணெயில் காய்ச்சிக் கட்டிகளுக்குப் போட்டேன், ஊசிக்கு டாக்டரம்மா வருவார். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டு முன்னால் வந்ததும் வேகமாக நடப்பார்கள். அக்கா தினமும் வெளியே நின்று தன் வீட்டையே பார்த்துவிட்டுப் போவாள். நான் உள்ளே வாக்கா என்று கூப்பிடமுடியாது. அம்மை வந்த வீடு.

ஒருநாள் காலையில் உள்ளே வேறு ஒரு சத்தம். மென்று மென்று அரைக்கும் சத்தம். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். (பிரியும்போது மாடு அழுதது என்றேனே, தேறும்போது நான்.)

சந்தோஷம் நாலு நாள் நீடித்தது. பாஞ்சாலை அக்காவின் சினைமாட்டுக்குக் கழுத்தில் அஞ்சு கட்டி. என் மாட்டு ஈ கொண்டுபோனதா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கரு கலைந்தாலும் கலையலாம் என்றார்.  அந்த மாட்டையும் தள்ளிக் கட்டி, புகை போட்டு, பாஞ்சாலை அக்காவும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அவர் என்னோடு பேசவில்லை. வெற்றிலையை மட்டும் நீட்டுவார், அரைப்பேன். போட்ட தடுப்பூசி கொஞ்சம் காப்பாற்றியிருக்க வேண்டும், மூணாம் நாள் காய்ச்சல் விட்டது. மற்ற மூணுக்கும் ஒன்றும் வரவில்லை. ஐப்பசியில் அது கிடேரிக் கன்று போட்டது.

கார்த்திகையில், தீபத்துக்கு ஊர் நிரம்புவதற்கு முன்பு, அக்கா வீட்டுப் புகுவிழா நடந்தது. தழும்போடு தேறிய வெள்ளை மாடு அதற்குள் பெரியப்பாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை மாடு கேட்டு யாரும் எங்கும் போகவில்லை. பாஞ்சாலை அக்காவே தன் பசுவையும் புதுக் கன்றையும் ஓட்டிவந்தார். வாசப்படியில் வந்து நின்றுவிட்டார். ஐயர் மணியடித்தும் நகரவில்லை. எதிரே கம்பத்தில் இருந்த போர்டைக் காட்டி என்னிடம், "மொதல்ல அதப் படி. எல்லாருக்கும் கேக்கறாப்ல," என்றார்.

மூணு மாசம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அத்தனை சொந்தபந்தங்கள் முன்னால், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, தோல் கழலை நோயை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஐயர் பொறுமையாக நின்றார். பெரியப்பா முன்வரிசையில் நின்று தலையாட்டிக் கேட்டார். அதன் பிறகுதான் பசு உள்ளே போனது.

அக்கா வீட்டு ஹாலில் ஒரு டைல்ஸ் குளம்பு பட்டு விரிசல் விட்டிருக்கிறது. மாற்றவிடமாட்டேன் என்கிறாள், வருகிறவர்களிடம் இப்போது வலைக்கு முன்பு அதைத்தான் காட்டுகிறாள். எங்கள் குடும்பத்தில் யார் எதைப் பிடிவாதமாகச் சொன்னாலும், போர்டைப் படிச்சியா என்பதுதான் பதில். என் கல்யாணத்தில் தாலி கட்டப் போகும்போது பெரியப்பா பின்னாலிருந்து அதைக் கேட்டு, மண்டபமே சிரித்து, பெண் வீட்டார் பயந்துவிட்டார்கள்.

அந்தக் கிடேரிக் கன்றுக்குப் பாஞ்சாலை அக்கா, என் போர்டை நினைத்து, நோட்டீஸ் என்று பேர் வைத்தார். இப்போது அது ரெண்டு ஈத்து ஈன்றுவிட்டது. எங்கள் வீட்டுக் காபிக்கு அதன் பால்தான். தினமும் சாயங்காலம் என் கடை வழியாக ஓட்டிப்போகும்போது, "நோட்டீசு, நில்லுடி," என்று அவர் குரல் கேட்கும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நான் கையை எடுத்துவிட்டு, திரையில் இருக்கிறதை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பிப்பேன்.