இடைவேளையில் எழுதிய தீர்ப்பு

படம் முடிவதற்குள் படத்தை முடித்துவைக்கும் ஓர் இனம் உண்டு. டிக்கெட் கிழிக்கும்போதே உதட்டைப் பிதுக்கி, பெயர் ஓடும்போதே பெருமூச்சு விட்டு, யாராவது சிரித்தால் அவர்களைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்து, இடைவேளையில் மசால் முந்திரியைக் கொறித்தபடி, "செகண்ட் ஹாஃப்ல ஒண்ணும் இருக்காது பாரு" என்று அருள்வாக்குச் சொல்லும் இனம். இவர்களை யாரும் நியமிக்கவில்லை. எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்த இனத்துக்குத் தலைவரே நான்தான்.

2016இல் ஒரு படம் வந்தது. அப்பாவின் புரோட்டாக் கடையை இடித்தவர்களை, குங்ஃபூ கற்றுக்கொண்டு வந்து பழிவாங்கும் பெண்ணின் கதை. வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று போஸ்டர் சொன்னது. வார லீவில் மனைவி சந்திரகலாவுடன் மேட்னி போனேன். இடைவேளை வரை சிரிப்பு வரவில்லை. விமர்சனம் வந்துவிட்டது.

விளக்கணைந்து படம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் போனைவிட்டுக் கண்ணெடுக்காமல் ஃபேஸ்புக்கில் தட்டினேன். 'கதாநாயகி கை வீசினால் கொசுகூட விலகாது. சண்டையெல்லாம் கயிறு கட்டித் தூக்கிய பொம்மலாட்டம்.' பதினேழு லைக். அதில் ஒன்று நான் போட்டது. வந்த கமெண்டுகளுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் படம் முடிந்திருந்தது.

"முழுசா பாத்தீங்களா?" என்றாள் சந்திரகலா.

"பாக்க என்ன இருக்கு?"

மறுநாள் மைன்ஸ் கேன்டீனில் அதே தீர்ப்பை வாய்மொழியாகவும் வழங்கினேன். அந்தரத்தில் தொங்குவதுபோல் கைகாலை ஆட்டியும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். கன்வேயரில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தங்கராசு மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் படிக்கட்டு சண்டை எப்பிடிங்க சார் இருந்துச்சு?"

"அதுவும் கயிறுதான் தங்கராசு."

"கயிறு இல்லிங்க. எம் பொண்ணு வெண்மதி. ஈரோயினுக்குப் பதிலா அதுதான் உருண்டுச்சு. தோள்ல எலும்பு வுட்டுப்போயி இப்பவும் வூட்லதான் இருக்குது. நீங்க எழுதினதப் படிச்சுது. எந்த எடத்துல கயிறு மாதிரி தெரிஞ்சுதுன்னு கேட்டுகினு வரச் சொல்லிச்சு. அடுத்த தபா திருத்திக்குமாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

அன்று மாலையே தியேட்டருக்கு ஓடினேன், போனை வீட்டில் வைத்துவிட்டு. இடைவேளை முடிந்து மூன்றாம் நிமிடத்தில் வந்தது அந்தப் படிக்கட்டு. முகம் காட்டாத ஒரு பெண் மேலிருந்து உருண்டாள், பாதியில் சுவரில் கால் ஊன்றி ஒருவனை உதைத்தாள், மறுபடி உருண்டாள், கீழே வந்து எழுந்து நின்றாள். கயிறாவது ஒன்றாவது. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். அடுத்த நொடி, தலை கலையாத கதாநாயகியின் முகம்.

படமோ, நான் எழுதியதைவிட மோசம். இரண்டரை மணி நேரம் பழி பழி என்று அலைந்தவள், கடைசிச் சண்டையில் வில்லனை மாமா மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓரமாக நின்று கைதட்டினாள். இந்த அநியாயம் என் விமர்சனத்தில் இல்லவே இல்லை. இருந்த ஒரே நல்லதையும் நான் பார்க்கவில்லை, இருந்த பெரிய கெட்டதையும் பார்க்கவில்லை.

மறுநாள் தங்கராசுவுடன் மந்தாரக்குப்பத்திலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். வெண்மதி கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கவிட்டிருந்தாள்.

"கயிறு எங்கயும் தெரியலம்மா. நான் அந்த சீனைப் பாக்காமலே எழுதிட்டேன்."

"இப்ப பாத்துட்டீங்களா?" என்றாள்.

"நேத்து பாத்தேன். நீ எழுந்து நிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சே வரல."

"படம்?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். "படம் மோசம்மா."

"ஆமாங்க சார். படிக்கட்டுக்கு முன்னாடியே கடைசி ஃபைட்டும் நான்தான் பண்ணேன். நாலு நாள் எடுத்தாங்க. அப்புறம் அதத் தூக்கிட்டு அந்த மாமா பையன வச்சுட்டாங்க." சிரித்தாள். சிரித்ததில் தோள் வலித்திருக்க வேண்டும், பிடித்துக்கொண்டாள்.

பார்க்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு, அந்தப் படிக்கட்டில் உருண்டது யார் என்று பெயரோடு எழுதிப் போட்டேன். மூன்று லைக்.

நான் திருந்திவிட்டேன் என்று நம்பிவிடாதீர்கள், போன வாரம்கூட ஒரு கல்யாணத்தில் ரசத்தோடு இலையை மூடிவிட்டுப் பாயசத்தைக் குறை சொன்னேன். உங்களுக்கு இந்த வியாதி இல்லை, தெரியும். ஆனால் இரண்டாம் பத்தியிலேயே 'சுமார்' என்று முடிவு கட்டிவிட்டு நேரே இந்த வரிக்குத் தாவியிருந்தால், வணக்கம் தலைவரே.