கூட்டணிக்காரரின் இடுப்பளவு

ஓட்டை உடைசல் கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கட்டி, ஒரே டேட்டாபேஸாக ஓட்டுகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அதில் ஒருவருக்குக் கூட்டணிக்காரர் என்று பெயர் வைப்போம். அவரைக் கண்டுபிடிக்க ஊரெல்லாம் அலைய வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்புக்குப் பதில் வயர் காலில் மாட்டினால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியது ஒன்று, திரை நொறுங்கிய லேப்டாப் ஒன்று, மூடியில்லாமல் குடல் தெரிய நிற்கும் பெட்டி ஒன்று, மச்சான் "எடுத்துட்டுப் போனா சரி" என்று கும்பிட்டுக் கொடுத்தது ஒன்று. நாலுக்கும் வேகம் வேறு, வயது வேறு. ஆனால் நாலிலும் ஒரே தகவல். ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றவை தாங்கும். தகவல் முரண்பட்டால்? எதன் தேதி புதிதோ அதுவே செல்லும். இதை அவர் விளக்கும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

இத்தனையும் எதற்கு? தையல்காரியான மனைவியின் வாடிக்கையாளர் அளவுகளைக் காப்பாற்ற.

"என் போன்லயே வெச்சுக்கிறேனே" என்றாள் அவள்.

"போன் செத்துட்டா?"

"திரும்ப அளந்துக்குவேன்."

இந்த மாதிரி பதிலெல்லாம் கூட்டணிக்காரர் காதில் ஏறாது.

மச்சான் கொடுத்த பெட்டிக்குத் தேதி நிற்காது. ஒவ்வொரு தடவையும் கையால் போட வேண்டும். அன்று அவசரத்தில் பத்து வருஷம் கழித்து வரப்போகிற தேதியைப் போட்டுவிட்டார். சோதித்துப் பார்க்க வேண்டுமே என்று, தன் உடம்பை அளந்து, அந்தப் பெட்டியில் எல்லா வாடிக்கையாளர் பெயருக்கும் நேராக அதையே நிரப்பினார். அழிக்க மறந்து பெட்டியைக் கூட்டணியில் சேர்த்தும் விட்டார். அதன் தேதிதான் புதிது. மற்ற மூன்றும் மறுபேச்சில்லாமல் தலையாட்டின.

மறுநாள் காலை மனைவி திரையைப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் கொடுக்க வேண்டிய கல்யாண உடுப்பை வெட்டினாள். வெட்டியதைத் தூக்கிப் பிடித்தவள் திடுக்கிட்டாள். அதைப் போடப்போகிற பெண்ணோ ஊதினால் பறக்கிற ஒடிசல்.

"கல்யாணப் பொண்ணுக்கு இடுப்பு நாப்பத்தி நாலா?"

"நாலு மெஷினும் அதான் சொல்லுது. நாலும் பொய் சொல்லுமா?"

அவள் டேப்பை எடுத்து வந்து அவர் இடுப்பைச் சுற்றினாள். "இது உங்க இடுப்புங்க. கடையில இந்தத் துணி தீந்துபோச்சு. நான் அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கூட்டணிக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிரோடு ஒரு யோசனையும் வந்தது. "பெரிசாத்தானே வெட்டியிருக்க? சின்னதாக்கிக்கலாமே. பாரு, டேட்டா போனாலும் துணி போகல."

"போனைப் போட்டு அந்தப் பொண்ண மறுபடி அளவெடுக்க வரச் சொல்லுங்க. ஏன்னும் நீங்களே சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் பெண் சிரித்த சிரிப்பு தையல் மிஷின் வரைக்கும் கேட்டது. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்ல பழைய கம்ப்யூட்டர் ஏதாவது சும்மா கிடக்குதாம்மா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் யாராவது ஒரு பழைய பெட்டியைக் குப்பையில் போடப் போனால், "இருங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று உங்கள் வாய் தானாகச் சொல்கிறதா? அப்படியானால் தயவுசெய்து உடம்பைக் குறைக்காதீர்கள்; பெரிதாக வெட்டிய துணியைத்தானே சின்னதாக்க முடியும். யாருடைய துணி உங்கள் இடுப்பளவை நம்பி இருக்கிறதோ, யார் கண்டது?