முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் 'வாறம்' என்றார்கள்

நான் எடுத்த காரியம் எதிலும் தோற்றவன் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் என் கடை ரோல்ஸ் இல்லாமல் ஒரு பிறந்தநாள் நடக்காது. பிரெஞ்சில் எனக்கு எட்டுச் சொற்கள் தெரியும். அந்த எட்டையும் வைத்தே இருபது வருடமாகச் சுகாதாரப் பரிசோதகர்களைச் சிரிக்க வைத்து அனுப்புகிறேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அஹுன்ட்சிக்கில் ஆற்றங்கரையோரப் புல்வெளி ஒன்றில் நான் தோற்ற தோல்வி இருக்கிறதே, அதை ஒத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். (நான் எழுதாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

எல்லாம் என் மருமகனால் வந்தது. ரமணன் இங்கிலாந்தின் வடக்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அந்தப் பக்கத்து ஊர்களில் றக்பி லீக் என்றால் நமக்குத் தேர்த்திருவிழா மாதிரியாம். என் ஒரே மகள் சுகன்யாவைக் கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தவர், முதல் பனிக்காலத்திலேயே வாடிப் போனார். வசந்தம் வந்ததும் நாலைந்து இங்கிலாந்துக்காரர், இரண்டு அவுஸ்திரேலியர், பந்தைக் கண்டால் வீட்டை மறக்கிற கியூபெக் பெடியள் கொஞ்சப் பேர் என்று சேர்த்து ஒரு றக்பி லீக் கழகம் தொடங்கினார். அன்றுதான் அவருடைய முகத்தில் பல்லைப் பார்த்தேன்.

ஒருநாள் குசினியில் மகள் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அவருக்கு இஞ்ச ஒண்டுமே ஒட்டேல்லை அம்மா. பிரெஞ்சும் வருகுதில்லை. இந்த விளையாட்டு ஒண்டுதான். பாக்கிறதுக்குச் சனம் வராட்டி அடுத்த வருசம் மைதானம் தரமாட்டினமாம். பேந்து என்னத்துக்கு இஞ்ச இருக்கிறது, அம்மாவோடயே போயிருப்பம் எண்டுறார்."

அம்மா என்றால் அவருடைய அம்மா. இங்கிலாந்தில்.

என் மகள் கடல் தாண்டிப் போவதா? பார்க்க ஆள் இல்லை என்பதற்காகவா? இந்த மொன்றியலில் எனக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? அன்று இரவே மருமகனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "தம்பி, மைதானத்தை நிரப்பிறது என்ர பொறுப்பு."

"மாமாவுக்கு றக்பி தெரியுமோ?"

தெரியுமாவா! கொழும்பில் ஒரு விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருடம் கோப்பை கழுவியவன் நான். வேலிக்கு மேலால் எத்தனை ஆட்டம் பார்த்திருப்பேன்! அடுத்த நாளே பயிற்சி பார்க்கப் போய், தலைகளை எண்ணி, மருமகனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பதின்மூண்டு பேர்தான் நிக்கினம். ஆள் காணாதெண்டு வெக்கப்படாதையுங்கோ. ரெண்டு பேரைக் கடையால அனுப்பிறன்."

"மாமா, இது லீக். பதின்மூண்டு பேர்தான். நீங்கள் பாத்தது பதினைஞ்சு பேர் விளையாடுற வேற றக்பி."

பிடிபட்டவர் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டுமாம். ஆறு தரம் பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்காம். விளங்கியதுபோல் தலையாட்டினேன். (விளங்க மூன்று வருடம் எடுத்தது.)

அது முகநூல் புதிதாக வந்திருந்த காலம். எல்லோரும் அதை ஆங்கிலப் பெயரால்தான் அழைத்தார்கள். நான் கடைப் பலகையிலேயே தமிழை முதலாவதாக எழுதியவன், முகநூல் என்றுதான் சொல்வேன். சுகன்யா எனக்கொரு கணக்குத் திறந்து, தமிழ் எழுத்தும் போட்டுத் தந்தாள். ஒற்றை விரலால் தட்டப் பழகினேன். இரண்டு கிழமையில் நானூறு சிநேகிதர். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்தது மூன்று பேர்.

சும்மா சொல்லக்கூடாது, விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம். பந்தைப் பலாப்பழம்போல இடுப்பில் அணைத்தபடி நிற்கும் என் படத்தைப் போட்டேன். படத்தில் ஆட்களின் பெயரை ஒட்டினால் அவர்களுக்குத் தகவல் போகும் என்று கண்டுபிடித்து, அந்த ஒரு பந்தின்மேல் நாற்பது பேரின் பெயரை ஒட்டினேன். ஆருடைய கலியாணப் படத்தைக் கண்டாலும் கீழே எழுதினேன்: 'அழகான சோடி. நீடூழி வாழ்க. சனிக்கிழமை றக்பிக்கு வரவும்.' ஒருவருடைய தகப்பனார் தவறிய செய்திக்குக் கீழேயும் விடவில்லை: 'ஆழ்ந்த அனுதாபங்கள். மனஆறுதலுக்குச் சனிக்கிழமை றக்பி உண்டு. ரோல்ஸ் இலவசம்.' (அந்தக் குடும்பத்திடம் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் தந்த தேத்தண்ணியில் சீனி இல்லை.)

அந்த நாளில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், இன்னார் உங்களை விரலால் குத்தினார் என்று மற்றவருக்குப் போகும். கதவில் தட்டுவது மாதிரி ஒரு மரியாதை என்று நினைத்து, தினமும் காலையில் கடை திறக்கமுன் எல்லோரையும் ஒரு சுற்றுக் குத்தினேன். மூன்றாம் நாள் கோயில் தலைவர் கடைக்கு வந்தார். முகம் அடுப்பு மாதிரி.

"அண்ணை, என்ர மனுசியைக் குத்தினீங்களாம்."

"ஓம். உம்மையும் குத்தினனான். பாக்கேல்லையோ?"

நல்லகாலம், ரோல்ஸ் சூடாக இருந்தது. ஆறு சாப்பிட்டபின் சமாதானமானார்.

முகநூலில் 'நிகழ்வு' என்று ஒன்று உருவாக்கலாம். கழகத்தின் பெயரில் உருவாக்கினேன். பிரதம விருந்தினர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். வேறு ஆரைப் போடுவது? வருவோர் அங்கேயே 'வருகிறேன்' என்று அழுத்தலாம். ஐயோ, அந்த எண் ஏறிய ஏற்றம்! காலையில் நாற்பது, மத்தியானம் எழுபது, அடுத்த நாள் நூற்றைம்பது! வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு ஓடி ஓடிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. 'வரமாட்டேன்' என்று அழுத்தியவர் ஒரேயொருவர், லவாலில் இருக்கிற ஒரு பல்வைத்தியர். அவரோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை.

என் மனைவி புவனா ரோல்ஸ் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, எங்கட சனம் 'வரமாட்டன்' எண்டு சொல்லி எப்பவாவது கேட்டிருக்கிறியளோ?"

"ஏன்?"

"வீட்டை போய்க் கலியாணக் காட் குடுத்தாலே வாசல்வரை வந்து 'கட்டாயம் வாறம்' எண்டுவினம். வாறது அரைவாசி. உது கம்ப்யூட்டர்."

"அது வாய்ப்பேச்சடி. இது எழுத்து! படத்தோட, பெயரோட எழுதித் தந்திருக்கினம்."

ரமணனும் மெதுவாக, "மாமா, சும்மா கிளிக் பண்ணியிருப்பினம்..." என்று இழுத்தார். நான் கை காட்டி நிறுத்தினேன். ஆளுக்கு இரண்டு, கைகாவலுக்குக் கொஞ்சம் என்று எழுநூறு ஆட்டிறைச்சி ரோல்ஸ். பார்க் மெட்ரோ வாசலில் இருந்து ஆட்களை ஏற்ற ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ். கடைக்கு மேல்மாடியில் சின்ன விழாக்களுக்கு நான் வைத்திருக்கும் மைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியும். மைதானம் தருகிற பூங்கா அலுவலகத்து மடாம் நேரில் வந்து பார்ப்பதாகவும் அறிவித்திருந்தார்கள். வரட்டும், எண்ணட்டும்! அடுத்த வருட மைதானம் என் சட்டைப் பையில் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஒரு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டே முக்காலுக்கு மஞ்சள் பஸ் வளைவில் திரும்பியது. மைக்கைப் பிடித்து, "இதோ, எமது ரசிகர் படை!" என்று முழங்கினேன். விளையாட்டுக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். பஸ் கதவு திறந்தது.

என் கடை வாடிக்கையாளர் செல்லத்துரை அண்ணை இறங்கினார்.

பின்னால் ஒருவரும் இல்லை. நான் உள்ளே ஏறி, கடைசி வாங்குவரை போய்ப் பார்த்தேன். இல்லை.

"தம்பி, இது லவால் இல்லையோ?" என்றார் செல்லத்துரை அண்ணை. கையில் ஒரு பை. "லவால் கடையில காற்சட்டை மாத்த வந்தனான். இடுப்புக் காணாது."

"அண்ணை, நீங்கள் முகநூலில 'வருகிறேன்' எண்டு அழுத்தினீங்களோ?"

"எனக்கு வீட்டில ரெலிபோனே ஒழுங்கா இல்லை."

மடாம் சரியான நேரத்துக்கு வந்தார். கையில், அழுத்தினால் எண்ணுகிற ஒரு சின்னக் கருவி. புவனா, சுகன்யா, நான், செல்லத்துரை அண்ணை, பஸ் சாரதி, நாயோடு வந்த ஒரு இத்தாலிய மனுசன். டிக், டிக், டிக். ஆறோடு நின்றது. அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. "பொன்ஜூர், மடாம்! ரோல்ஸ்! கிராத்துவி!" என்று, இலவசம் என்பதை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லித் தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்தார். பச்சைமிளகாய் விஷயத்தில் நான் கை சுருக்குவதில்லை. கண்ணீரோடு "மெர்சி" என்றார். அவர் அழுதது ரோல்ஸுக்கோ எங்கள் நிலைமைக்கோ தெரியவில்லை.

தூரத்தில் ரமணன் வெறுமையான கரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. சுகன்யா மாமியாருக்கு அனுப்புவதற்கென்று சின்னக் கமராவில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. ஐயாமாரே, அது என்ன ஆட்டம்! சீமெந்து மூட்டையை நிலத்தில் போட்ட மாதிரி ஆளை ஆள் விழுத்துவதும், விழுந்தவன் எழும்பிப் பந்தை உருட்டுவதும், அடுத்தவன் எடுத்துப் பாய்வதும்! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆறு பேர் என்றால் என்ன, முந்நூறு பேரின் சத்தத்தை நான் ஒருவனே போடுவேன் என்று மைக்கைத் தூக்கினேன். பெட்டி உடுப்பு மாற்றும் கொட்டிலடியில் இருந்தது. நீளமான வயர். நான் கரையோரமாக ஓடி ஓடி அறிவித்தேன். செல்லத்துரை அண்ணையும் பையைச் சுழற்றிக்கொண்டு, "விடாத! பிடி! காலில பிடி!" என்று எதிரணிக்கும் சேர்த்துக் கத்தினார்.

முடிய ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் சம புள்ளி. அப்போது பந்து ரமணனிடம் வந்தது. ஒருவனைச் சுழித்து விலகினார், இன்னொருவனை உதறினார். கரையோரமாகத் தனியாக வருகிறார்! முன்னால் ஒரு குருவியும் இல்லை!

"ஓடுங்கோ மருமோன்! ஓடுங்கோ!"

நானும் ஓடினேன். உற்சாகத்தில் அவரையும் முந்தி, மூலையைத் தாண்டி, கோட்டுக்குப் பின்னால் போய் நின்று, வாரி அணைக்கக் கையை விரித்தேன். எனக்குப் பின்னால் வந்த வயர், கொட்டிலில் இருந்து என் கைவரைக்கும், மைதான மூலைக்குக் குறுக்கே, கணுக்கால் உயரத்தில் விறைத்து நின்றது.

மருமகன் பறந்தார். பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடது தோளில் விழுந்தார். ஈர்க்கு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

அதன்பிறகு நான் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை. மைக் என் வாயடியில்தான் இருந்தது என்பதால் அஹுன்ட்சிக் முழுவதற்கும் நினைவிருக்கிறது. புல்லில் முழங்காலில் விழுந்து அழுதிருக்கிறேன்.

"ஐயோ ராசா, எழும்படா! சனம் வராட்டிப் போகட்டும், எழும்படா! என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போயிடாதையடா!"

மருமகனை 'டா' போட்டது அதுவே முதலும் கடைசியும்.

ரமணன் மல்லாந்து கிடந்தபடி என்னைப் பார்த்தார். முகம் நோவில் கோணியிருந்தது. ஆனால் சிரித்தார். "மாமா," என்றார், "முதல்ல மைக்கை நிப்பாட்டுங்கோ."

தோள்பட்டை எலும்பு முறிவு. ஆட்டமும் தோல்வி. எதிரணிக்காரரும் சேர்ந்து சாப்பிட்டும் ஐந்நூறு ரோல்ஸ் மிச்சம்.

அன்று மாலை வைத்தியசாலையில் காத்திருந்தபோது என் மகள் அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒரு மணித்தியாலம் சிரித்தாள். அழுகையும் கலந்துதான். வீட்டுக்கு வந்ததும் ரமணனிடம் கேட்டுவிட்டு, கழகத்தின் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

நான் இரண்டு கிழமை குத்திக் குத்தி எழுப்ப முடியாத சனம் ஒரே இரவில் எழும்பியது. மொன்றியல் பார்த்தது, ரொறன்ரோ பார்த்தது, இங்கிலாந்தில் மருமகனின் பழைய கழகத்துக்காரர் முழுப் பேரும் பார்த்தார்கள். தமிழ் விளங்காத கியூபெக் பெடியள் என் அழுகைக்குப் பிரெஞ்சில் வசனம் போட்டுப் பரப்பினார்கள். வராத முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கீழே எழுதினார்கள்: 'அண்ணை, அடுத்த ஆட்டம் எப்ப?' 'அண்ணை, மைக் கொண்டு வருவீங்களோ?'

இரண்டு கிழமை கழித்து அடுத்த ஆட்டம். நான் பஸ் பிடிக்கவில்லை, ரோல்ஸ் சுடவில்லை, வெட்கத்தில் வரவேமாட்டேன் என்று படுத்திருந்தேன். புவனா இழுத்துக்கொண்டு போனாள். வளைவில் திரும்பியபோது கார் நிறுத்த இடம் இல்லை! கோயில் தலைவரும் மனைவியும், கலியாணப் படச் சோடிகள், சீனியில்லாத் தேத்தண்ணிக் குடும்பம், நாயும் இத்தாலியரும், முன்வரிசையில் செல்லத்துரை அண்ணை புதுக் காற்சட்டையோடு! மடாமின் கருவி ஓயாமல் அடித்தது. நான் நடந்து போன வழியெல்லாம் சனம் காலைத் தூக்கித் தூக்கி வழிவிட்டது, இல்லாத வயருக்கு. ரமணன் இடது கையைத் துணியால் கழுத்தில் தொங்கப் போட்டபடி கரையில் நின்று அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியும்வரை அவருடைய பல் உள்ளே போகவில்லை.

மைதானம் கிடைத்தது. றக்பி லீக்குக்கு முகநூலால் ஆள் சேர்த்தவன் இந்த நகரத்தில் நான்தான். எப்படிச் சேர்த்தேன் என்பது இரண்டாவது விஷயம்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் மைக்கைத் தொட்டால் பேரப்பிள்ளைகள் உட்படச் சபை முழுவதும் இரண்டு காலையும் மேலே தூக்கும். ஆராவது சும்மா வாய்க்கு 'வாறன்' என்றால், "நிசமா வாறியோ, முகநூல் வாறியோ?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் ரமணனின் அம்மா இங்கிலாந்தில் இருந்து தொலைபேசி எடுப்பார். "எப்ப ராசா ஒரேயடியா இஞ்ச வரப் போறியள்?" என்று அவர் கேட்பது பக்கத்தில் இருக்கிற எனக்கும் கேட்கும். மருமகன் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

"ஓம் அம்மா," என்பார், "கட்டாயம் வாறம்."